கெனல் நாய்களுக்குச் சட்டத்தைக் கடுமையாக்கினால் உண்மையில் என்ன மாறும்?

தெருவிளக்கு (கேள்வி):

வியாபாரத்துக்காகக் குட்டி போடவைக்கும் பெரிய கெனல்களைக் கட்டுப்படுத்த இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்று ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது, எனக்கும் வந்தது. கையெழுத்துப் போடுவதில் தயக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. அமெரிக்காவில் 1966-லிருந்தே விலங்கு நலச் சட்டம் இருக்கிறது, விவசாயத் துறை லைசென்ஸ் கொடுக்கிறது, இன்ஸ்பெக்டர் போய்ப் பார்க்கிறார். அப்படியிருந்தும் ‘பப்பி மில்’ (லாபத்துக்காக மட்டும் குட்டிகளை உற்பத்தி செய்யும் கெனல்) என்ற பேச்சு அங்கேதான் அதிகம் அடிபடுகிறது. சட்டம் இருக்கும் இடத்திலேயே இந்த நிலை என்றால் அதைக் கடுமையாக்கி என்ன ஆகப்போகிறது? கூண்டை நாலு அங்குலம் பெரிதாக்குவார்களா? இல்லை, பேசாமல் மொத்தமாகத் தடை செய்துவிட வேண்டியதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனதைப் பிசையும் படங்கள் மட்டும் அனுப்ப வேண்டாம், அவையெல்லாம் பார்த்தாயிற்று.

கூர்மூக்கு:

நீங்கள் சொல்லும் அமெரிக்கச் சட்டம் கெனல்காரரிடம் என்ன கேட்கிறது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். கூண்டின் அளவுக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது: நாயின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அங்குலத்தில் அளந்து, அதோடு 6 கூட்டி, வந்ததை வர்க்கப்படுத்தி, 144-ஆல் வகுக்க வேண்டும். அத்தனை சதுர அடி தரை கொடுத்தால் போதும். 24 அங்குல நாய் என்றால் 6.25 சதுர அடி, அதாவது இரண்டரை அடிக்கு இரண்டரை அடி. உயரம், நாய் நிற்கும்போது தலைக்கு மேல் 6 அங்குலம். இதில் ஒரு நாயை வாழ்நாள் முழுக்க வைத்திருந்தாலும் சட்டப்படி தவறில்லை. தனியாக வைத்திருக்கும் நாய்க்கு இதைப்போல இரண்டு மடங்கு இடம் கொடுத்துவிட்டால், வெளியே விட்டு நடக்கவைக்க வேண்டிய கட்டாயம்கூடக் கிடையாது!

தரை கம்பி வலையாக இருக்கலாம், கால் உள்ளே போகாமல் இருந்தால் சரி. ஒரு பெட்டை எத்தனை ஈத்து போடலாம் என்பதற்கு வரம்பே இல்லை, ஒவ்வொரு பருவத்துக்கும் இணைசேர்க்கலாம். தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும் என்று 2020-ல்தான் விதியை மாற்றினார்கள், அதுவரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் வைத்தாலே விதி நிறைவேறிவிடும்.

ஆக, நீங்கள் பார்த்த அந்தப் படங்களில் சில, சட்டத்தை மீறிய இடத்தில் எடுத்தவையாகவே இருக்க வேண்டியதில்லை. சட்டத்தை அப்படியே பின்பற்றும் இடமும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ‘லைசென்ஸ் உள்ள கெனலில் வாங்கியது’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மருந்துவாசம்:

கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை, கெனலிலிருந்து ‘ஓய்வு’ பெற்ற தாய்நாய்கள் அவ்வப்போது எங்களிடம் வருவதுண்டு. மேலே சொன்ன கம்பித் தரையைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், விரல்கள் விசிறி மாதிரி விரிந்து போயிருக்கும், விரலிடுக்கில் சீழ்க்கட்டி இருக்கும், நகம் தேய வழியில்லாமல் வளைந்து திரும்பியிருக்கும். சின்ன இனங்களில் பல்தான் பெரிய பிரச்சினை. ஈறு அழுகி, தாடை எலும்பு மெலிந்து, பல்லைப் பிடுங்கும்போது தாடை முறிந்துவிடுமோ என்று டாக்டரே பயந்து பயந்து செய்வார். இதெல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை யாராவது வாயைத் திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். 2020 விதியில் வருடம் ஒரு தடவை மருத்துவர் கையால் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று சேர்த்ததை நான் பெரிய விஷயமாக நினைப்பது அதனால்தான். அதற்கு முன்பு மருத்துவர் கெனலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் போனாலும் நடக்கும்.

உடம்பாவது பரவாயில்லை, மருந்து இருக்கிறது. கெனல் தாய்நாய்களாக இருந்து பிறகு வீடுகளுக்குப் போன 1,169 நாய்களை வைத்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. சாதாரண வளர்ப்பு நாய்களைவிட இவற்றுக்கு பயம் மிக அதிகம், தொட்டால் ஒடுங்கும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும் என்றெல்லாம் வந்தது. எங்களிடம் வருபவற்றிலும் அதைத்தான் பார்க்கிறோம். கதவைத் திறந்து வைத்தால் வெளியே வராது, வாசற்படியில் அப்படியே உறைந்து நிற்கும். குட்டிகளுக்கும் இதே கதைதான். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினாலு வாரம் வரை மனிதர், சத்தம், தரை, படி எல்லாம் பழகும் பருவம். அந்தச் சமயத்தில் ஆள் முகமே பார்க்காமல் வளர்ந்தால் பிறகு எந்தப் பயிற்சியாளராலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

எனவே என்னைக் கேட்டால் கூண்டின் நீள அகலத்தைவிட, ஒரு ஆள் எத்தனை நாயைப் பார்த்துக்கொள்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. ஜெர்மனியில் 2022-லிருந்து உள்ள விதியைப் பாருங்கள்: வணிக முறையில் வளர்ப்பவரிடம், ஒரு பராமரிப்பாளர் ஒரே நேரத்தில் குட்டியோடு இருக்கும் மூன்று பெட்டைகளுக்கு மேல் பார்க்கக்கூடாது, குட்டிகளோடு தினமும் குறைந்தது நாலு மணி நேரம் மனிதர் பழக வேண்டும். நூறு நாயை இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் தொழில் அங்கே கணக்கிலேயே அடிபட்டுப் போகும், தனியாகத் தடை என்று ஒன்று போட வேண்டியதே இல்லை.

நாலுகால்நேசன்:

எதிர்க்கட்சியாக ஒருவன் வேண்டுமே, நான் பேசுகிறேன். வீட்டிலேயே இரண்டு பெட்டை வைத்து எப்போதாவது ஒரு ஈத்து எடுப்பவன் நான். இடுப்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனை எல்லாம் பார்த்துத்தான் இணைசேர்ப்பேன், குட்டி போடும் இரவு தூங்கவும் மாட்டேன். புதிதாக ஒரு சட்டம் என்றால் முதலில் படிவம் நிரப்புவது எங்களைப் போன்றவர்கள்தான். 300 நாய் வைத்திருப்பவர் வக்கீலை வைத்து வேலையை முடித்துக்கொள்வார்.

கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் 2010-ல் வாக்கெடுப்பே நடத்தி, ஒரு கெனலில் 50 நாய்க்கு மேல் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கக்கூடாது என்று மக்கள் ஜெயித்தார்கள். அடுத்த வருடமே சட்டமன்றம் அதைத் திருத்தி எழுதியது, அந்த 50 என்ற வரம்பு காணாமல் போனது. மக்கள் ஓட்டுக்கே அந்த மரியாதை என்றால் ஒரு மனு எம்மாத்திரம்?

கடையில் விற்காதே என்று சொல்வதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. கலிபோர்னியாவில் 2019 முதல் கடைகளில் வளர்ப்பாளர்களின் குட்டிகளை விற்க முடியாது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் லூசி சட்டம் வந்தது, ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்ட ஸ்பானியல் பெட்டையின் பெயர் அது. அதன்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது, வளர்த்தவரிடமே, தாயோடு பார்த்து வாங்க வேண்டும். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாடகை வீட்டில் ஏதோ ஒரு பெட்டையைக் கொண்டுவந்து உட்காரவைத்து ‘இதுதான் அம்மா’ என்று காட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். குட்டி பால் குடிக்க அந்தப் பெட்டையிடம் போகிறதா, மடி இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? கேட்பவர் இருக்கும்வரை விற்பவர் வேறு வாசல் தேடிக்கொண்டே இருப்பார்.

கூர்மூக்கு:

நேசன், வீட்டில் வளர்ப்பவர்களை வதைக்கக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்தச் சட்டங்கள் உங்களைத் தேடி வருவதாகச் சொல்வது கொஞ்சம் மிகை. அமெரிக்காவில் நாலு பெட்டை வரை வைத்திருந்து, தங்களிடம் பிறந்த குட்டிகளை மட்டும் விற்பவருக்கு மத்திய லைசென்ஸே தேவையில்லை. இங்கிலாந்தில் பொதுவாக வருடத்துக்கு மூன்று ஈத்து எடுத்தால்தான் லைசென்ஸ். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வணிக வளர்ப்பாளருக்கே 10 பெட்டை வரை விட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் என்றால் அமைச்சர் ஒப்புதல் வேண்டும், அப்போதும் 50-ஐத் தாண்ட முடியாது. உங்கள் இரண்டு பெட்டைகளை இதில் எந்த வலையும் பிடிக்காது.

பழையகோப்பு:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். தண்டனை பற்றி யாரும் பேசவில்லையே. விதி எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் மீறினால் என்ன என்பது இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். இந்தியாவில் 2017-ல் நாய் வளர்ப்பு, விற்பனைக்கென்றே விதிகள் வந்தன. பதிவு கட்டாயம், எட்டு வாரத்துக்கு முன் குட்டி விற்கக்கூடாது, பெட்டைக்கு வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்று எழுத்தில் எல்லாம் இருக்கிறது, ஈத்து விஷயத்தில் அமெரிக்க மத்தியச் சட்டத்தைவிட ஒரு படி மேலே. ஆனால் இதற்கெல்லாம் தாய்ச்சட்டமான விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதில் வதைக்கு, முதல் குற்றம் என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் அபராதம். ஒரு குட்டியின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இன்ஸ்பெக்டர் எழுதும் ஆய்வறிக்கை பொதுமக்கள் கண்ணில் பட வேண்டும். 2017 தொடக்கத்தில் அமெரிக்க விவசாயத் துறை கெனல் ஆய்வறிக்கைகளை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. நாடாளுமன்றம் சொல்லி 2020-ல்தான் திரும்பப் போட்டார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் குட்டி வாங்க நினைத்தவர், அந்தக் கெனல் எத்தனை முறை பிடிபட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

தெருவிளக்கு, உங்களுக்கு வந்த மனுவில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று போடுங்களேன். அமெரிக்காவில் பல தடவை தாக்கல் ஆகி இன்னும் நிறைவேறாமல் கிடக்கும் குட்டிப் பாதுகாப்பு மசோதாவில் கெட்டியான தரை, வெளியே ஓட இடம், 18 மாதத்தில் இரண்டு ஈத்துக்கு மேல் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இதெல்லாம் இன்ஸ்பெக்டர் போய் நின்றால் சரிபார்க்கக்கூடியவை. ‘நாய்கள் கண்ணியமாக நடத்தப்பட வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் அதை வைத்து எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

தெருவிளக்கு:

மனுவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கூண்டை இரட்டிப்பாக்க வேண்டும், கம்பித் தரை கூடாது, ஈத்துக்கு வரம்பு வேண்டும். மூன்றும் இருக்கிறது. ஆள் எண்ணிக்கை பற்றி ஒரு வரிகூட இல்லை, அறிக்கையை வெளியிடுவது பற்றியும் இல்லை. அப்புறம் ஒரு சந்தேகம்: விதி கடுமையாகிக் கட்டுப்படியாகாமல் ஒரு கெனலை மூடினால், உள்ளே இருக்கும் நாய்கள் எங்கே போகும்?

பழையகோப்பு:

சரியான கேள்வி, பலர் இதைக் கேட்பதே இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2008 கோடையில் இது நடந்தது. நாய்களை மருத்துவரிடம் காட்டச் சொல்லி அதிகாரிகள் உத்தரவு போட்டதும், செலவுக்குப் பயந்து இரண்டு கெனல்காரர்கள் 80 நாய்களைச் சுட்டுத் தள்ளிவிட்டார்கள். அன்றைய சட்டத்தில் அது குற்றமே இல்லை. அதே வருடம் அக்டோபரில் கையெழுத்தான சட்டத்தில் கம்பித் தரையும் அடுக்குக் கூண்டும் ஒழிந்தன, வணிகக் கெனலில் நாயைக் கருணைக்கொலை செய்வதென்றால் கால்நடை மருத்துவர்தான் செய்யலாம் என்ற விதியும் சேர்ந்தது. கொல்லாவிட்டாலும் வேறு வழி இருக்கிறது, தாய்நாய்களை ஏலத்தில் இன்னொரு கெனலுக்குத் தள்ளிவிடுவார்கள், நாயின் நிலை மாறாது, முதலாளி மட்டும் மாறுவார். எனவே மூடும் கெனல் நாய்களை மீட்பு அமைப்புகளிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்குக் கால அவகாசமும் செலவுக்கு ஒரு நிதியும் வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

தெருவிளக்கு:

சரி, கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூடவே மனு எழுதியவர்களுக்கு ஆள் எண்ணிக்கை, அறிக்கை, மூடும்போது ஒப்படைப்பு இந்த மூன்றையும் சேர்க்கச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். மருந்துவாசம், அந்த ஜெர்மன் விதியின் எண் உங்களிடம் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா?