பகடைத் தளம் காட்டும் ரூபாய் உண்மையில் ரூபாய்தானா?

கேள்வி (காரைக்குடி)

எங்கள் வளவில் ஐயா காலத்துப் பெட்டகத்தைத் துப்புரவு செய்தபோது, ரங்கூன் கடைப் பேரேடுகளுக்கு அடியில் பத்து ரூபாய்த் தாள்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. முகப்பில் ஜப்பானிய அரசாங்கம் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்துகள் மட்டுமே உள்ளன. அதே வாரத்தில்தான், கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் இணையப் பகடைத் தளம் ஒன்றில் 46,000 ரூபாயை இழந்தது வீட்டுக்குத் தெரியவந்தது. தளம் ரூபாய்க் குறியோடுதான் கணக்குக் காட்டுகிறது, உருட்டலில் மோசடி இல்லை என்பதை நாமே சரிபார்க்கலாம், இன்னும் 11,200 ரூபாய் தன் இருப்பில் இருக்கிறது என்று அவன் உறுதியாகச் சொல்கிறான். அந்த 11,200 உண்மையிலேயே ரூபாய்தானா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (தேவகோட்டை)

உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தப் பெட்டகத்திலேயே இருக்கிறது. ஷெர்ஷா காலத்து வெள்ளி நாணயத்திலிருந்து வந்த ரூபாயைக் கும்பினியார் 1835-இல் 180 குன்றுமணி எடையுள்ள ஒரே நாணயமாக்கினார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. ஆனால் அந்த 180 என்பது குன்றுமணியன்று, ஆங்கில கிரெயின் அளவு, அதாவது சுமார் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று நம் பெரியவர்கள் பேரேட்டில் கடைசிப் பை வரை எழுதி ஐந்தொகை எடுத்தது இந்த ரூபாயில்தான். 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்த பிறகும் அங்கே ரூபாயே நடந்தது. ரிசர்வ் வங்கியே அதற்கும் பொறுப்பாக இருந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்து, தங்கள் தாளிலும் ரூபாய் என்றே அச்சிட்டார்கள். 1945-இல் ஆங்கில ஆட்சி திரும்பியதும் அந்தத் தாள் செல்லாமல் போயிற்று. உங்கள் கையில் இருப்பது அதுதான். 1952-இல் பர்மா கியாட் என்ற தன் நாணயத்துக்கு மாறியபோது, ஒரு ரூபாய்க்கு ஒரு கியாட் என்று மாற்றிக்கொடுத்தார்கள், ஏனென்றால் அந்த ரூபாய்க்குப் பின்னால் பொறுப்பேற்க ஓர் அரசு இருந்தது. நம்மவர் எழுதிய உண்டியலும், அதாவது பணம் தரச் சொல்லி எழுதும் சீட்டும், வெறும் தாள்தான். ஆனால் காட்டிய இடத்தில் பணம் எண்ணி வைக்க ஒரு கடை இருந்தது. தளத்தின் திரையில் தெரியும் 11,200-க்கு அப்படிப் பொறுப்பேற்பவர் யார் என்று அண்ணன் மகனிடம் கேளுங்கள்.

பதில் (கானாடுகாத்தான், இப்போது சென்னையில் மென்பொருள் பணி)

உருட்டலைச் சரிபார்க்கலாம் என்று உங்கள் அண்ணன் மகன் சொல்வது பொய்யன்று. உருட்டுவதற்கு முன்பே தளம் தன் இரகசிய எண்ணின் ஹாஷை, அதாவது அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டெடுத்த கைரேகை போன்ற குறியீட்டை, காட்டிவிடும். பிறகு எண்ணை வெளியிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் உருட்டலை மாற்றவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. பணம் தருவார்கள் என்பதற்கு அன்று.

இரட்டிப்பு கொடுக்கும் பந்தயத்தில் வெல்லும் வாய்ப்பைப் பெரும்பாலும் 49.5 சதவீதமாக வைத்திருப்பார்கள். தோற்கத் தோற்கப் பந்தயத்தை இரட்டிப்பது என்று 10 ரூபாயில் தொடங்கினால், பத்து முறை தொடர்ந்து தோற்கும்போது 10,230 ரூபாய் போயிருக்கும். ஒரு வெற்றியிலோ பத்தாவது தோல்வியிலோ முடியும் தொடரைச் சுற்று என்று கொண்டால், இது ஏறத்தாழ 927 சுற்றுகளுக்கு ஒருமுறை நேரும். மீதி 926 சுற்றுகளில் கிடைப்பது சுற்றுக்குப் பத்து பத்தாக 9,260 மட்டுமே. தானாக உருட்டும் பொத்தானை அழுத்திவிட்டால் ஒரே இரவில் அந்த எண்ணிக்கையை எட்டிவிடலாம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் விளையாட்டை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் விதிக்கிறது. ஆடுபவருக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை. ஆகவே தயங்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. 11,200-ஐத் திரும்ப எடுக்க முயன்றபோது, சரிபார்ப்புக்காக இன்னும் 5,000 செலுத்துமாறு தளம் கேட்டது, நாங்கள் செலுத்தவில்லை. 1930-இல் புகார் பதிவதற்காக அண்ணன் மகனையே உட்காரவைத்து, அவன் யூபிஐ மூலம் அனுப்பியவற்றைப் பற்று வரவாக எழுதச் சொன்னேன். 17 முறை அனுப்பிய பணம் 9 வெவ்வேறு பெயர்களுக்குப் போயிருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட அந்தத் தளத்தின் பெயரில் இல்லை.