முதல் 25 மி.மீ. மழையைப் பிடித்தால் போதுமாம்!

மதகடி: "முதல் 25 மி.மீ. மழையைத் தொட்டியில் பிடித்துவிட்டால் தளத்தைக் கழுவி ஆற்றுக்குப் போகும் அழுக்கு மொத்தமும் அடங்கிவிடும், ஆலைகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் அதற்கு மேல் விதி எதற்கு?" என்று பக்கத்து இழையில் ஒரு மேதாவி தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எந்த வளாகத்துக்கு ஐயா 25? சின்னத் தளத்தில் முதல் தண்ணீர்தான் அழுக்கு, சரி. 20 ஹெக்டேர் வளாகத்தில் கடைக்கோடி லாரி நிறுத்தத்தைக் கழுவிய தண்ணீர் வெளிவாய்க்கு, அதாவது வளாகத்து நீர் வெளியேறும் இடத்துக்கு, வந்து சேரவே அரை மணி ஆகலாம். அதற்குள் பக்கத்துக் கூரையின் சுத்தத் தண்ணீர் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும். அழுக்கு வந்து நிற்கும்போது இடம் இருக்காது.

கணக்கன்: அந்த மேதாவி நான்தான். ஒரு ஹெக்டேர் கான்கிரீட் தளம், 25 மி.மீ., ஓட்டக் கெழு (விழும் மழையில் ஓடிவரும் பங்கு) 0.9. 225 கன மீட்டர், அதாவது இரண்டே கால் லட்சம் லிட்டர். இதைக் கட்டச் சொன்னாலே முதலாளிகளுக்கு முகம் சுருங்குகிறது. மேலே மேலே விதி போட்டால் ஒருத்தரும் ஒன்றும் கட்டமாட்டார்கள். 25 போதும்.

துத்தநாகம்: 'கூரையின் சுத்தத் தண்ணீரா'? மதகடி சார், துத்தநாகம் பூசிய தகரக் கூரை என்று ஒன்று இருப்பது தெரியுமா? அதிலிருந்து வரும் துத்தநாகத்தில் பெரும்பங்கு கரைந்தே வருகிறது. தொட்டியில் எத்தனை நாள் நிறுத்தினாலும் படியாது. கரைந்த உலோகத்தை உறிஞ்சிப் பிடிக்கும் ஊடகம் போட்ட வடிகட்டி வேண்டும், இல்லையென்றால் கூரைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

மதகடி: லாரி நிறுத்தத்தோடு ஒப்பிட்டுச் சொன்னேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குங்கள். கணக்கனாருக்கு வருகிறேன். கட்டியதோடு வேலை முடிந்ததா? 2 மீட்டர் ஆழத் தொட்டியில் அந்த 225 கன மீட்டரும் 24 மணி நேரத்தில் வடிய, வெளித் துளையின் விட்டம் சுமார் 42 மி.மீ.தான் இருக்கும். ஒரு பாலித்தீன் பையும் ஒரு கைப்பிடிச் சருகும் போதும், அடைத்துக்கொள்ளும். துளைக்கு முன்னால் பெரிய வலைக்கூண்டு வேண்டும், தட்டை வலை அல்ல. தட்டை வலையில் சருகு அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடைத்தால் அடுத்த மழைக்குத் தொட்டி நிறைந்தே நிற்கும். அப்போது உமது 25 எங்கே? பூஜ்யம்.

கணக்கன்: அது பராமரிப்புக் கோளாறு. என் எண்ணில் என்ன தப்பு?

வால்வு: வெளிவாயை மூடும் அடைப்பு வால்வு பற்றி ஒருவரும் பேசவில்லையே. 1986 நவம்பர் 1, சுவிட்சர்லாந்தில் பாசல் அருகே சாண்டோஸ் ரசாயனக் கிடங்கில் தீ. அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிக்கொல்லிகளோடு ரைன் ஆற்றில் இறங்கியது. மழையே தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட தண்ணீரை உள்ளேயே நிறுத்தத்தான் வால்வு.

மதகடி: வால்வு வைப்பார்கள், துருவேறி நிற்கும். மாதம் ஒருமுறை முழுக்கச் சுழற்றிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி சொன்னால்தான் அது வால்வு. தொட்டியும் அப்படியே. குழாயின் பாதையிலேயே கட்டினால் பெருமழை அடியில் படிந்த வண்டலைக் கிளப்பி ஆற்றுக்கே அனுப்பும். ஒதுக்கிக் கட்டி, முன்னால் தடுப்புச் சுவர் வைத்து, நிறைந்தபின் வரும் நீர் உள்ளே நுழையாமல் தாண்டிப் போகும்படி செய்ய வேண்டும்.

கணக்கன்: ஆக, 25 நிறைந்ததும் மிச்சம் தாண்டிப் போகலாம். நீரே சொல்லிவிட்டீர்!

மதகடி: தனித்தனி வடிகால் பகுதிக்குத் தனித்தனித் தொட்டி இருந்தால். 20 ஹெக்டேருக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே குளம் வெட்டினால் அல்ல. தண்ணீரில் மிதக்கும் எண்ணெயைத் தகடுகளால் பிரிக்கும் எண்ணெய் பிரிப்பானை முன்பு சொன்னபோதும் பாதியைப் படித்துவிட்டுத்தான் குதித்தீர். கழுவுமிடத்துச் சோப்பு கலந்தால் எண்ணெய் பால்போலக் கலங்கிவிடும், எந்தத் தகடும் பிரிக்காது என்று எழுதியிருந்தேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

துத்தநாகம்: கரைந்த துத்தநாகத்துக்கும்தான் பதில் இல்லை.

வால்வு: அமெரிக்கத் தொழிற்சாலை மழைநீர் அனுமதியில் வெளியேற்றம் தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்குள் மாதிரி எடுக்கச் சொல்கிறார்கள். மதகடி கணக்குப்படி கடைக்கோடி அழுக்கு அப்போது வெளிவாய்க்கே வந்திருக்காதே?

மதகடி: அதனால்தான் ஒவ்வொரு கிளைக் குழாயின் முடிவிலும் மாதிரிக் குழி வேண்டும் என்கிறேன். கடைசி வெளிவாயில் மட்டும் எடுத்தால் கூரைத் தண்ணீர் கலந்து நீர்த்துப்போய் எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகக் காட்டும். வளாகக்காரருக்கு அதுதானே வசதி.

கணக்கன்: குழி எங்கே வேண்டுமானாலும் தோண்டும். 225 தப்பா சரியா, அதை மட்டும் சொல்லும்.