கியோட்டோ: முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கியோமிசுதேராவுக்கு அழைத்துச் செல்ல வழி தேவை

மேப்பிள் இலைகள் சிவக்கும் நவம்பர் இறுதியில், கூட்டம் உச்சத்தில் இருக்கும் இந்த வாரத்தில், எழுபது வயதைக் கடந்த என் அம்மாவுடன் கியோட்டோ ரயில் நிலையத்துக்கு அருகே தங்கியிருக்கிறேன். கியோமிசுதேரா கோயிலின் மரமேடையில் நிற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை; ஆனால் மூட்டுத் தேய்மானத்தால் அவரால் மேட்டில் ஐந்து நிமிடம்கூடத் தொடர்ந்து நடக்க இயலாது.

206ஆம் எண் பேருந்துக்குக் காத்திருந்தோம். வந்தவற்றில் நிற்கவும் இடமில்லை. வார இறுதிகளில் ஓடும் சுற்றுலா விரைவுப் பேருந்தும் கோஜோசாகா நிறுத்தத்தில்தான் இறக்கிவிடும், அங்கிருந்து ஏற்றம்தான். கெய்ஹான் ரயிலில் நெரிசல் குறைவு என்றாலும், கியோமிசு-கோஜோ நிலையத்திலிருந்து நடக்க வேண்டிய தூரம் இன்னும் அதிகம். நேற்று நண்பகலில் டாக்சியில் சென்றபோது, வாகனங்கள் நகராததால் ஓட்டுநர் ஹிகாஷியாமா சாலையிலேயே எங்களை இறக்கிவிட்டார். மேட்டைப் பார்த்ததும் அம்மா போதும் என்று சொல்லிவிட்டார். இவ்வளவு அருகில் வந்தும் அவர் பார்க்காமல் ஊர் திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோயில் காலை 6 மணிக்கே திறக்கப்படுவதால், விடுதியில் சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் செல்ல எண்ணுகிறோம். அந்த நேரத்தில் டாக்சியில் கோயில் வாயிலுக்கு எவ்வளவு அருகில் செல்ல முடியும்?