பாம்பன் பொண்ணு, மண்டபம் முகாம் பையன்: பதிவுத் திருமணத்துக்கு வழி சொல்லுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். என் தங்கச்சி மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் மலையகத் தமிழ்ப் பையனை விரும்புகிறாள். நாங்கள் கத்தோலிக்கர், அவர் இந்து. அதைக்கூட அப்பா பொறுத்துக்கொள்வார். "நாடில்லாதவனுக்கா பொண்ணு குடுக்க?" என்பதில்தான் வீடே ரெண்டுபட்டுக் கிடக்கிறது. அவருடைய முன்னோரை இதே மண்டபம் வழியாகத்தான் வெள்ளைக்காரன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினான். 1948 குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. இதில் இந்தப் பையன் செய்த குற்றம் என்ன?

1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டு என்று தெரியும். முகாம் அடையாள அட்டையைச் சான்றாக ஏற்பார்களா? பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை என்கிற 2003 குடியுரிமைத் திருத்தத்தால் பிறக்கும் பிள்ளைக்குச் சிக்கல் வருமா? இப்படிக் கல்யாணம் முடித்தவர்கள் யாராவது அப்பாவிடம் போனில் பேசுவீர்களா?