'டேக் ஆஃப்', 'புட் ஆஃப்': ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள்?

கேள்வி:
ஆங்கில வினையோடு 'ஆஃப்', 'அப்' மாதிரி சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் ப்ரேசல் வெர்ப் பட்டியலை மனப்பாடம் செய்தால் இரண்டே நாளில் மறந்துவிடுகிறது. 'டேக் ஆஃப்' என்றால் விமானம் கிளம்புவதா, சட்டையைக் கழற்றுவதா? 'புட் ஆஃப் இட்' தப்பாம், 'லுக் ஆஃப்டர் இட்' மட்டும் சரியாம். ஏன்?

பதில் 1:
பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். வாக்கியத்தில் 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். 'த ப்ளேன் டுக் ஆஃப்': 'எதை' என்பதற்கே இடமில்லை, விமானம் கிளம்பியது. 'ஹி டுக் ஆஃப் ஹிஸ் ஷர்ட்': சட்டையை, ஆகவே கழற்றினான். 'ஐ டுக் மண்டே ஆஃப்': திங்கட்கிழமை லீவு. 'ஹெர் பிசினஸ் டுக் ஆஃப்': இங்கும் 'எதை' கிடையாது, தொழில் சூடுபிடித்தது. நான்குக்கும் வேர் ஒன்றுதான், ஒட்டியிருந்தது விலகுகிறது. சட்டை உடம்பை விட்டு, விமானம் தரையை விட்டு, திங்கட்கிழமை வேலையை விட்டு. தொழிலுக்கு வந்த பொருள் விமானத்திடம் வாங்கியது.

பதில் 2:
'இட்' விஷயத்துக்கு வருகிறேன். 'புட் ஆஃப்'பில் 'ஆஃப்' வினையோடு சேர்ந்த துணைச்சொல். பெயர்ச்சொல் என்றால் 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் 'புட் இட் ஆஃப்' என்று நடுவில்தான் உட்காரும். 'லுக் ஆஃப்டர்'ரில் 'ஆஃப்டர்' ப்ரெபொசிஷன். அது தன் பெயர்ச்சொல்லையோ பிரதிப்பெயரையோ தனக்குப் பின்னால்தான் வைத்துக்கொள்ளும். மாணவர்களுக்கான அகராதியில் 'சம்திங்' எந்த இடத்தில் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். 'புட் சம்திங் ஆஃப்' என்று நடுவில் இருந்தால் பிரிக்கலாம்.

பதில் 3:
தமிழிலும் இதே வேலை நடக்கிறது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. பின்னதுதான் 'லுக் ஆஃப்டர்'. 'தள்ளு' வேறு, 'தள்ளிவை' வேறு. அதுதான் 'புட் ஆஃப்'. 'யூஸ் அப்', 'ஈட் அப்' இரண்டிலும் 'அப்' நம் 'விடு' மாதிரி: தீர்த்துவிடு, சாப்பிட்டுவிடு. எல்லா 'அப்'புக்கும் இது பொருந்தாது. 'ஷோ அப்' என்றால் வந்து சேர்வது.

நம்மூரில் அடிக்கடி வரும் இரண்டு தவறுகள். 'கோப் அப் வித்' கிடையாது, 'கோப் வித்' மட்டுமே. 'அப்' வேண்டுமானால் 'புட் அப் வித்', அதாவது பொறுத்துக்கொள்வது. 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று வெளிநாட்டு நேர்முகத்தில் சொன்னால் மயங்கி விழுந்ததாகத்தான் புரிந்துகொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' போதும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தேர்வு 'கால்ட் ஆஃப்', 'புட் ஆஃப்' இரண்டும் ஒன்றா?

பதில் 2:
இல்லை. 'புட் ஆஃப்' என்றால் வேறு தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள், தொடர்ந்து படியுங்கள். 'கால்ட் ஆஃப்' என்றால் ரத்து. தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தால் 'ப்ராட் ஃபார்வர்ட்'. 'ப்ரீபோன்' இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது.