உயரமானவர்களுக்கு ஆயுசு குறைவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 17 வயது, 6 அடி 3 அங்குலம். என் மாமனாரும் நெட்டையாக இருந்தவர்தான். ஐம்பதுகளிலேயே நெஞ்சு வலி வந்து திடீரென்று போய்விட்டார். அதனால் "வளர்த்தி ஜாஸ்தின்னா ஆயுசு கம்மி" என்று யாராவது சொன்னால் வயிற்றைக் கலக்குகிறது.

ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் சுமார் 8,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2014இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். 5 அடி 2 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ளவர்கள்தான் அதிக நாள் வாழ்ந்தார்களாம். ஃபாக்ஸோ3 என்ற மரபணுவுக்கும் அதில் பங்கு உண்டாம். ஆனால் உயரமானவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், மாரடைப்பு வாய்ப்பு குறைவு என்றும் இருக்கிறது. அப்படியென்றால் மொத்தத்தில் எதை எடுத்துக்கொள்வது?

என் உண்மையான பயம் மார்ஃபன் சிண்ட்ரோம் (ஆளை நெட்டையாக, கைகால் நீளமாக வளரச் செய்யும் ஒரு மரபணுக் கோளாறு). அதில் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி வீங்கிக் கிழியலாம். அதற்குச் சொல்லும் அடையாளங்கள் சில என் மகனிடம் இருக்கின்றன. இவன் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடினால், நகம் முழுக்கச் சுண்டுவிரலைத் தாண்டி வெளியே நிற்கிறது. கை இரண்டையும் விரித்தால் உயரத்தைவிட நீளம். பவர் கண்ணாடியும் போடுகிறான். பக்கத்து கிளினிக்கில் "நல்ல வளர்த்திதானே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

முதலில் இதய மருத்துவரிடம் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பதா, மரபியல் மருத்துவரைப் பார்ப்பதா? பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறான்; பரிசோதனை முடியும்வரை நிறுத்தி வைக்கட்டுமா? உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனை செய்திருந்தால் தயவுசெய்து விவரம் எழுதுங்கள்.