மறு: 'வெதரிங்' என்பதற்குத் தமிழில் 'சுவடேற்றல்' (மாதிரிப் போர்க்கப்பல் கலைச்சொற்கள்)

குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். என் பரிந்துரை 'சுவடேற்றல்'. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தச் சொல் எங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுகிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம். குன்னூரில் நாங்கள் சிலர் சேர்ந்து மாதிரிப் போர்க்கப்பல் கட்டுகிறோம். பெரும்பாலும் 1/350, 1/700 அளவுகள். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, ஒளியரிப்புப் (ஒளியாலும் அமிலத்தாலும் உருவங்களை அரித்தெடுத்த) பித்தளைத் தகடுகளிலிருந்து ஏணி, கைப்பிடிக் கம்பி, ராடார் எல்லாம் வெட்டிப் பொருத்தி, வண்ணம் அடித்து முடித்ததும், கப்பல் அன்று காலைதான் தளத்திலிருந்து இறங்கியது போல் பளபளவென்று இருக்கும். அது கடலில் ஓடிய கப்பல் என்று தோன்றுவதற்காக அதன்மேல் துரு ஒழுகிய கோடு, உப்பு, புகைக்கரி, வெயிலில் வெளிறிய நிறம், உரசல் எல்லாம் காட்டும் வேலை இருக்கிறதே, அதுதான் வெதரிங். ஒரே கப்பலை நாலைந்து பேர் பிரித்துச் செய்வோம். உடற்பகுதி ஒருவர், தகட்டு வேலை இன்னொருவர். இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தாக வேண்டும். முன்பாதியைச் செய்தவர் கப்பலை ஆறு மாதம் கடலில் ஓடவிட்டு, பின்பாதியைச் செய்தவர் ஆறு வருடம் ஓடவிட்டால் பார்க்கவே சகிக்காது. இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் ஒரு செய்முறைக் குறிப்பு எழுதுகிறோம். அதில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

சரி, பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> புவியியல் பாடநூலில் 'பாறைச் சிதைவு' என்று ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழியில் 'வண்ணச் சிதைவு' என்று வைத்தால் போதாதா?

போதாது. பாறை விஷயத்தில் அது சரியான சொல், ஏனென்றால் அங்கே பாறை உடைகிறது, கரைகிறது. கப்பலில் அப்படி இல்லை. வெலிங்டனில் இருக்கும் ஐயா ஒருவர் கடற்படையில் வேலை பார்த்தவர். 'சிதைவு' என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. போர்க்கப்பலில் மாலுமிகளின் அன்றாட வேலையில் பெரும்பங்கு துருவைச் சுரண்டி, அடிப்பூச்சு பூசி, மறுபடி வண்ணம் அடிப்பதுதான் என்கிறார். அவர் சொன்னதில் இன்னொரு நுட்பமும் உண்டு. புதிதாக அடித்த இடம் சுற்றியிருக்கும் பழைய சாம்பல் நிறத்தோடு முழுக்க ஒத்துப்போகாது. அங்கங்கே சதுரம் சதுரமாக, ஒரு மாற்று அதிகமாகத் தெரியும். அந்தத் திட்டுகளையும் நாம் மாதிரியில் காட்டியாக வேண்டும். அதுவும் வெதரிங்தான், ஆனால் அதில் சிதைந்தது எதுவுமே இல்லை. செப்பனிட்ட அடையாளம் அது. பராமரிப்பின் தடயத்தையும் உள்ளடக்கும் சொல்தான் வேண்டும்.

இது எங்களுக்கு ஏட்டளவில் உள்ள பிரச்சினை அல்ல. இப்போது மேசைமேல் இருப்பது பழைய ஐஎன்எஸ் நீலகிரி. நம் மலையின் பெயரைத் தாங்கிய கப்பல். பிரிட்டனின் லியாண்டர் வகை வடிவமைப்பில் பம்பாய் மசகான் தளத்தில் கட்டி, 1972 ஜூன் 3-ல் படையில் சேர்த்தார்கள். (அதே பெயரில் 2025 ஜனவரி 15-ல் சேர்ந்தது புதிய கப்பல், 149 மீட்டர் நீளம்.) பழையதன் நீளம் ஏறத்தாழ 113 மீட்டர். 1/350 அளவில் 32 சென்டிமீட்டர் சொச்சம். சேவையில் சேர்ந்த நாளில் இருந்ததுபோல் காட்டுவதா, நீண்ட ரோந்து முடிந்து திரும்பும்போது இருந்ததுபோல் காட்டுவதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் விருப்பம்.

> 'மூப்பூட்டல்' அழகாக இருக்கிறதே.

அழகுதான், ஆனால் பொருள் தவறிவிடும். முதல் உலகப் போர்க்கால ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனை எடுத்துக்கொள்வோம். 1909-ல் சேவைக்கு வந்த கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது அதற்கு வயது ஐந்துதான். இளம் கப்பல். ஆனாலும் அந்த நேரத்து எம்டனைப் புத்தம் புதிதாகக் காட்டினால் வரலாற்றுக்கே பொருந்தாது. துறைமுகங்களில் கரி வாங்க வழியில்லாமல், நிலக்கரிக் கப்பலைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு மூட்டை மூட்டையாகக் கரி ஏற்றிய கப்பல் அது. விலாப்பக்கம் உரசியிருக்கும், மேல்தளத்தில் கரித்தூள் படிந்திருக்கும். அக்டோபர் கடைசியில் பினாங்கைத் தாக்கப் போனபோது, ஆங்கிலேயக் கப்பல்போல் தெரிவதற்காகப் பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றையும் வைத்துக்கொண்டார்கள். அதைச் செய்து வைப்பவர்கள் கவனிக்கவேண்டும்: அது கித்தான். மற்ற மூன்றைப் போல் அதற்குத் துரு வரைந்துவிடக் கூடாது. மடிப்பும் சுருக்கமும்தான் காட்டலாம். வயதுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எங்கே ஓடியது, என்ன வேலை செய்தது என்பதுதான் கணக்கு.

'துருவேற்றல்' என்ற பரிந்துரை ஒரு பகுதியை மட்டும் சொல்கிறது. உப்பும் புகையும் வெளிறலும் விட்டுப்போகின்றன. 'பழமையாக்கல்' பற்றி எழுத வேண்டியதில்லை, மூப்பூட்டலுக்குச் சொன்னதே அதற்கும்.

இனி 'சுவடேற்றல்'. சுவடு என்றால் ஒன்று கடந்துபோனதற்கான அடையாளம். அலை, வெயில், புகை, நங்கூரச் சங்கிலி, மாலுமியின் தூரிகை எல்லாமே சுவடு விடுபவை. நல்லது கெட்டது என்ற தீர்ப்பு அந்தச் சொல்லில் இல்லை. வெலிங்டன் ஐயாவும் இதற்குத் தலையசைத்துவிட்டார்.

இரண்டாவது பாதிதான் எனக்கு இன்னும் பிடித்தது. துரு ஏறிப்போச்சு, கறை ஏறிப்போச்சு என்று நாம் பேச்சிலேயே சொல்கிறோம். தானாக நடந்தால் ஏறுவது, நாம் செய்தால் ஏற்றுவது. ஆகவே கடலில் ஓடிய உண்மைக் கப்பல் 'சுவடேறிய கப்பல்'. மேசைமேல் இருப்பது 'சுவடேற்றிய மாதிரி'. வெதரிங் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதால் வரும் குழப்பம் தமிழில் வராது.

> சுவடு பதியும், ஏறாது. 'சுவடு பதித்தல்' என்பதே மரபு.

கோத்தகிரி டீச்சரின் இந்தத் தடையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மரபு அவர் சொல்வதுதான். ஆனால் பதிப்பது ஒரே அழுத்தில் முடிகிற காரியம். எங்கள் வேலை அப்படி நடப்பதில்லை. எண்ணெய் வண்ணத்தை ஒரு புள்ளி வைத்து, தின்னரில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் கீழ்நோக்கி இழுத்து, காயவிட்டு, அதன்மேல் இன்னொன்று என்று மெல்லிய படிவுகளாகப் போகும். சாயம் ஏற்றுவது போலத்தான். முறையைச் சரியாகச் சொல்வதால் 'ஏற்றல்' என்பதை விட மனமில்லை. வாக்கியத்துக்குள் 'துருச்சுவடு பதிந்திருக்கிறது' என்று எழுதுவதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது.

கிளைச்சொற்களும் சுலபமாகக் கிடைக்கின்றன. நங்கூரத் துளைக்குக் கீழே துருச்சுவடு. புகைபோக்கியின் பின்புறத்திலும் அதற்குப் பின்னால் உள்ள பாய்மரத்திலும் புகைச்சுவடு. கரி ஏற்றிய விலாவில் உரசல்சுவடு. நீர்மட்டத்தில் பாசிச்சுவடு. உப்புக்கு மட்டும் 'உப்புப் பூத்தல்' என்ற நல்ல வழக்கு வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது, அதை மாற்றவேண்டாம். 'மிகைச்சுவடு' என்ற சொல்லும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். 1/700 அளவில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் துருக்கோடு இழுத்தால், உண்மைக் கப்பலில் அது 35 சென்டிமீட்டர் அகலம். அப்படி ஒரு கோடு இருபது இடத்தில் விழுந்தால் அந்தக் கப்பலைக் கடலுக்கே அனுப்பமாட்டார்கள். கை ஆசைப்படும், கண்தான் தடுக்கவேண்டும்.

இதையொட்டி இன்னொரு சொல். ஜூன், ஜூலையில் மூட்டம் இறங்கும் நாட்களில் லாக்கர் (தின்னரில் கரைத்து அடிக்கும், சீக்கிரம் காயும்) வண்ணம் தெளித்தால் காயும்போதே வெள்ளையாகப் படர்ந்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் இறங்குவதால் வருவது. மலையில் இது எல்லாருக்கும் தலைவலி. உதகை பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்த அண்ணன் 'வண்ணம் பூத்துப்போச்சு' என்று சாதாரணமாகச் சொன்னார். அதையே 'பூத்தல்' என்று எடுத்துக்கொள்ளலாம். மெதுவாகக் காயும் தின்னர் கலந்தால் குறையும். அறையைச் சூடாக்கக் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

'அணியம்' (கப்பலின் முன்முனை), 'அமரம்' (பின்முனை), 'சுக்கான்' ஆகியவற்றைக் கடற்கரைக்காரர்களின் வழக்கிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டோம். சுவடு பற்றியும் அவர்களிடம் நமக்குத் தெரியாத சொல் இருக்கக்கூடும். தூத்துக்குடி, நாகை நண்பர்கள் யாராவது, மரக்கலத்தின் பக்கப்பலகையில் உப்பும் வெயிலும் பட்டு நிறம் போவதை அங்கே என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் நன்றியோடு சேர்த்துக்கொள்வேன். அதுவரை குறிப்பேட்டில் 'சுவடேற்றல்' என்றே போடுகிறோம்.

அடுத்தது 'வாஷ்'. 'கழுவல்' சரிவராது. அங்கே சாயம் போவதில்லை, நீர்த்த வண்ணம் தகட்டு இணைப்புகளிலும் மூலைகளிலும் போய்த் தங்குகிறது. அரவங்காட்டு நண்பர் 'இடுக்குச் சாயம்' என்கிறார். உங்கள் கருத்தை எழுதுங்கள்.